எந்தச் செடியை முதலில் பிடுங்குவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாற்பது பேர் மண்வெட்டி, அரிவாள், கடப்பாரையோடு வந்து நிற்கிறார்கள். ஊரில் வசூலித்த இருபதாயிரம் ரூபாய் கையில் இருக்கிறது. கண்மாய்க்குள் கால் வைக்க முடியாத அளவுக்குச் சீமைக்கருவேலம். ஊரணியின் வடக்கு மூலையில் ஒரு சின்ன அறை அளவுக்கு வெங்காயத்தாமரை, சிலர் அதை ஆகாயத்தாமரை என்பார்கள். பள்ளிக்கூடச் சுவரோரம் அழகுக்காக யாரோ வைத்த மஞ்சள் பூப் படர்செடி வாய்க்கால் கரையில் இறங்கத் தொடங்கியிருக்கிறது. பஸ் ஸ்டாப் பக்கம் பார்த்தீனியம். எதில் முதலில் கை வைப்பது?

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊரில் இதே நிலை வந்தபோது யாரும் யோசிக்கவே இல்லை, நேராகக் கண்மாய்க்குப் போய்விட்டோம். கண்ணை உறுத்துவது அதுதானே. நாள் முழுக்க வெட்டியும் கால் ஏக்கர்கூடத் தேறவில்லை. வேரோடு எடுக்காமல் மேலே மட்டும் வெட்டியதால் அடுத்த மழைக்கு ஒவ்வொரு கட்டையிலிருந்தும் நாலைந்து கிளை வெடித்துக் கிளம்பியது. அதற்குள் ஊரணி மூடிக்கொண்டது. அந்த மூலையைப் பத்துப் பேர் இரண்டு மணி நேரத்தில் அள்ளிப் போட்டிருக்கலாம், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதற்கப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எந்த அயல் தாவரம் அதிக ஆபத்தானது, நம்மிடம் இருக்கும் கொஞ்சக் காசையும் ஆட்களையும் எதில் போடுவது என்பதை முறையாக யோசிக்க வழிகள் இருக்கின்றன. இடர் மதிப்பீடு என்று அதற்குப் பெயர். பெயர்தான் கனமானது, உள்ளே இருப்பவை விவரமான ஒரு விவசாயி கேட்கக்கூடிய கேள்விகள்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வெளியிலிருந்து வந்த செடியெல்லாம் ஆபத்து என்று இல்லை. மிளகாய், தக்காளி, நிலக்கடலை, மரவள்ளி, முந்திரி, கொய்யா எல்லாமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை, அவை இல்லாமல் நம் சமையல் இல்லை. 2023இல் வெளியான ஐ.நா. சார்புடைய பல்லுயிர் அறிவியல் குழுவின் அறிக்கைப்படி, மனிதர்களால் இடம் பெயர்ந்து புது மண்ணில் நிலைத்துவிட்ட உயிரினங்கள் உலகம் முழுக்க 37,000க்கும் மேல். அவற்றில் கெடுதல் செய்வதாக ஆதாரத்தோடு தெரிந்தவை 3,500க்கும் மேல். தாவரங்களை மட்டும் எடுத்தால் 100க்குச் சுமார் 6. அந்த ஆறு எவை, அந்த ஆறிலும் மோசமானது எது என்று கண்டுபிடிப்பதுதான் இங்கே முழு வேலையும்.

ஒரு செடி அந்த ஆறில் ஒன்றாக மாறுவதற்குச் சில படிகளைத் தாண்ட வேண்டும். ஊருக்குள் வர வேண்டும், தோட்டத்தை விட்டு வெளியே தானாகப் பிழைக்க வேண்டும், விதை போட்டுக் குடும்பம் பெருக்க வேண்டும், தூரத்துக்குப் பரவ வேண்டும், பரவிய இடத்தில் ஏற்கெனவே இருப்பவற்றை நசுக்க வேண்டும். பெரும்பாலான செடிகள் ஏதாவது ஒரு படியில் நின்றுவிடும். ஆகவே இடர் என்று சொல்லும்போது இரண்டு விஷயம் சேர்ந்து இருக்கிறது: நடப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு சேதம். வாய்ப்பு மட்டும் அதிகம், சேதம் ஒன்றுமில்லை என்றால் அது வெறும் ரோட்டோரப் பூண்டு.

வாய்ப்பை எப்படி அளப்பது? இதில் ஆஸ்திரேலியாக்காரர்கள் முன்னோடி. வெளியிலிருந்து கொண்டுவந்த சப்பாத்திக்கள்ளியிலும் முயலிலும் பட்ட பாடு அவர்களை அப்படி ஆக்கியது. புதிதாக ஒரு செடியை நாட்டுக்குள் கொண்டுவர யாராவது அனுமதி கேட்டால், 1997 முதல் அங்கே 49 கேள்விகள் உள்ள ஒரு தாளை வைத்து அந்தச் செடிக்கு மதிப்பெண் போடுகிறார்கள். பூஜ்யமோ அதற்குக் கீழோ வந்தால் உள்ளே விடலாம், 6க்கு மேல் போனால் கூடாது, இடையில் வந்தால் இன்னும் ஆராய வேண்டும். எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை, தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடலாம். ஆனால் குறைந்தது பத்துக்காவது பதில் வேண்டும். பல நாடுகளில் இதைச் சோதித்துப் பார்த்ததில், பெருங்களையாக மாறியவற்றில் 10க்கு 9ஐ இந்தத் தாள் சரியாகவே பிடித்திருக்கிறது. சாதுவான சில செடிகளையும் தவறுதலாகத் தடுத்துவிடும் என்பது இதன் குறை. ஒரு அழகுச் செடி கிடைக்காமல் போவதையும் ஒரு காடு போவதையும் தராசில் வைத்தால், அந்தத் தவறைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்த 49இல் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது ஒன்று: இந்தச் செடி வேறு எங்காவது தொல்லை கொடுத்திருக்கிறதா? ஒரு செடியின் எதிர்காலத்தைச் சொல்வதற்கு அதன் பழைய கதையைவிட நல்ல அடையாளம் கிடையாது. நம்மைப் போன்ற வெயில், மழை உள்ள நாட்டில் அது காடாக மண்டியிருந்தால் இங்கேயும் மண்டும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் விதை. எத்தனை போடும், மண்ணில் எத்தனை வருடம் உயிரோடு கிடக்கும், யார் தூக்கிக்கொண்டு போவார்கள்? ஒரு பார்த்தீனியம் செடி மட்டுமே பத்தாயிரத்துக்கும் மேல் விதை போடக்கூடியது. லாரி டயரில் ஒட்டும், மணலோடும் வைக்கோலோடும் போகும். சீமைக்கருவேலத்தின் நெற்று இனிப்பாக இருப்பதால் ஆடும் மாடும் தேடித் தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் எரு சேர்த்தே விழும், அதைவிட நல்ல நாற்றங்கால் எது? உண்ணிச்செடியின் கறுத்த பழத்தைக் கொண்டைக்குருவி தின்று காடெல்லாம் போடுகிறது. வெங்காயத்தாமரைக்கு விதைகூட வேண்டாம், ஒரு துண்டு போதும்.

வெங்காயத்தாமரைக்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சாக்கடை கலந்த, நல்ல வெயில் படும் தண்ணீரில் அது இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். மூலையில் 10 சதுர மீட்டர் இருக்கிறது என்று வைப்போம். பத்து வாரத்தில் 320. இருபது வாரத்தில் 10,240 சதுர மீட்டர், அதாவது இரண்டரை ஏக்கர். ஐந்து மாதத்தில் ஒரு நல்ல ஊரணி முழுக்கப் பச்சைப் போர்வை. பதினெட்டாவது வாரத்தில் பார்ப்பவருக்குப் பாதி ஊரணிதானே, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். மீதம் இரண்டே வாரம்.

சரி, சேதத்தை எப்படி அளப்பது? ஐ.யூ.சி.என். என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 2020இல் ஏற்றுக்கொண்ட ஒரு முறை இருக்கிறது. அதில் ஐந்து படிகள். கீழ்ப்படியில் இருப்பது யாருக்கும் கெடுதல் தெரியாத செடி. அடுத்து, பக்கத்தில் இருக்கும் நாட்டுச் செடிகள் நோஞ்சானாகின்றன, எண்ணிக்கை குறையவில்லை. அடுத்து எண்ணிக்கையே குறைகிறது. அதற்கு மேலே, ஏதாவது ஒரு நாட்டு இனம் அந்த இடத்தை விட்டே போய்விடுகிறது, ஆனால் இந்தச் செடியை எடுத்துவிட்டால் திரும்பி வரும். உச்சிப்படி, போனது போனதுதான். நான்காம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் இடையே உள்ள கோடு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது 'எவ்வளவு பரவியிருக்கிறது' என்று கேட்காமல் 'திரும்பப் பெற முடியுமா' என்று கேட்கிறது. மனிதர்களின் பிழைப்புக்கும் உடம்புக்கும் வரும் சேதத்துக்கு இதே மாதிரி தனி அளவுகோல் உண்டு. பார்த்தீனியம் அங்கேதான் மேலே ஏறும்: தோலில் அரிப்பும் புண்ணும், சிலருக்கு மூச்சுத் தொல்லை, தின்ற மாட்டின் பாலில் கசப்பு. 1950களின் நடுவில் புனேயில் கண்ணில் பட்ட இந்தச் செடி, அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கோதுமையோடு வந்ததாகச் சொல்வார்கள். வட இலங்கைக்கு 1980களின் இறுதியில் இந்திய அமைதிப்படைக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு போனது என்று அங்கே பரவலாகப் பேசப்படுகிறது.

சேதத்தை மதிப்பிடும்போது வாட்ஸ்அப்பில் வந்ததை ஒதுக்கி வைக்கத் தெரிய வேண்டும். சீமைக்கருவேலம் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி மழையையே தடுத்துவிடுகிறது என்று பல வருடமாக ஒரு செய்தி சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. அந்த மரத்தின் மேல் உள்ள உண்மையான குற்றச்சாட்டுகளே போதுமானவை: ஆழமாக வேர் விட்டு நிலத்தடி நீரை இழுக்கிறது, கீழே புல்லை வளரவிடாது, வரத்துக் கால்வாயை அடைத்துக் கண்மாய்க்குத் தண்ணீர் வராமல் செய்கிறது, கோடியக்கரையில் வெளிமான் மேயும் புல்வெளிக்குள் புகுந்துவிட்டது. பொய்யான ஒரு குற்றச்சாட்டைச் சேர்த்தால் மற்ற உண்மைகளையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள்.

ஆளை அடையாளம் காண்பதிலும் தவறு நடக்கிறது. சீமைக்கருவேலத்தை எடுக்கிறோம் என்று போய் நம் நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்துச் சாய்த்த இடங்கள் உண்டு. நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்த மாலை போல இடைவெளி விட்டுச் சுருங்கியிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ விரல் நீளத்துக்குத் தொங்கும் கதிர், நெற்று சதைப்பற்றோடு மஞ்சளாக இருக்கும். கண்மாய்க்குள் பறவைகள் கூடு கட்டும் நாட்டுக் கருவேலத்தை வெட்டிவிட்டு அந்நியக் களையை ஒழித்தோம் என்று படம் போடுவதைப் பார்க்க மனசு கஷ்டமாக இருக்கிறது.

இப்போது வருவதுதான் பலரும் விட்டுவிடும் பகுதி. ஆபத்து அதிகம் என்று தெரிந்துவிட்டது. நம்மால் ஏதாவது செய்ய முடியுமா? கலிஃபோர்னியாவில் களை ஒழிப்பு வேலைகளின் பதிவுகளை எடுத்து 2002இல் இரண்டு ஆய்வாளர்கள் அலசினார்கள். ஒரு ஹெக்டேருக்குள் இருந்த களையைப் பெரும்பாலும் அடியோடு ஒழித்துவிட முடிந்திருக்கிறது. 1 முதல் 100 ஹெக்டேர் வரை இருந்தவற்றில் மூன்றில் ஒன்றுதான். 100 முதல் 1,000 வரை நான்கில் ஒன்று. அதற்கு மேலே போய்விட்டால் ஒழிப்பது என்ற பேச்சையே விட்டுவிட்டு, பரவாமல் தடுப்பது, முக்கியமான இடங்களை மட்டும் காப்பாற்றுவது என்று இறங்கி வர வேண்டும். ஆகவே ஒரே அளவு ஆபத்தான இரண்டு செடிகளில், சின்னதாக இருப்பதற்குத்தான் முதல் மரியாதை. நம் மனசு இதற்கு நேர் எதிராக ஓடும், பெரிதாக இருப்பதைத்தான் முதலில் அடிக்கச் சொல்லும்.

அதே நேரம், செய்ய முடியாதது எப்போதும் செய்ய முடியாததாகவே இருந்துவிடாது. தென்னிந்தியாவில் ஒரு காலத்தில் சப்பாத்திக்கள்ளி நிலங்களை அப்படி மூடியிருந்தது. 1795இல் சாயம் எடுக்கலாம் என்று பிரேசிலிலிருந்து வட இந்தியாவுக்குக் கொண்டுவந்த செதில் பூச்சி நினைத்த வகையாக இல்லாமல் வேறொன்றாகப் போய்விட்டது, சாயத்துக்கு உதவவில்லை. ஆனால் ஒரு வகைக் கள்ளியை அது தின்றே தீர்த்தது. அதைப் பார்த்துத் தென்னிந்தியாவுக்கும், 1860களில் இலங்கைக்கும் வேண்டுமென்றே கொண்டுபோனார்கள். இன்னொரு வகைக் கள்ளி அதற்கு மசியவில்லை, அதற்கென்று 1926இல் இலங்கை வழியாக வேறு ஒரு பூச்சி வந்தது. இப்படி ஒரு வழி கிடைத்தால் அந்தச் செடியின் ஆபத்தையும் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். பூச்சியையும் அதே கண்டிப்போடு சோதித்த பிறகுதான் விட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, 1795இல் அந்தப் பூச்சி கள்ளியோடு நிறுத்திக்கொண்டது நம் அதிர்ஷ்டம்.

இடம் மாறினால் மதிப்பெண்ணும் மாறும். கொய்யா நமக்குப் பழம், கலாபகஸ் தீவுகளில் அது பெருங்களை. நீலகிரியிலும் பழனி மலையிலும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் நட்ட, வாட்டில் எனப்படும் சீகை மரம் சோலைப் புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் தூங்கி, நெருப்புப் பட்டதும் முளைக்கும், எனவே வெட்டிவிட்டுத் தீ வைத்தால் முன்பைவிட அடர்த்தியாக வரும். அதே மரம் சமவெளிச் செம்மண்ணில் ஒரு பொருட்டே இல்லை. ஆகவே உலகப் பட்டியலைப் பார்த்து நம் ஊருக்கு முடிவு எடுக்கக் கூடாது. ஐ.யூ.சி.என். 2000இல் வெளியிட்ட மிக மோசமான 100 இனங்கள் பட்டியலைப் பலர் தரவரிசை மாதிரி எடுத்துச் சொல்கிறார்கள். அது எடுத்துக்காட்டுக்கான பட்டியல், நெருங்கிய உறவு இனங்கள் சேர்ந்த ஒரு பேரினத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தேர்ந்தெடுத்தது. அதனால் சீமைக்கருவேலத்தின் உறவுக்கார மரம் அதில் இருக்கிறது, நம் ஊர் மரம் இல்லை. பார்த்தீனியமும் இல்லை.

பயன் இருக்கிறதே என்ற கேள்வி அடுத்து வரும், வர வேண்டும். ராமநாதபுரம் பக்கம் எத்தனையோ குடும்பங்கள் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் சாப்பிடுகின்றன. உண்ணிச்செடிக் குச்சியில் நிஜ அளவில் யானைகள் செய்து கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் லண்டன் வரைக்கும் அனுப்பியிருக்கிறார்கள். இதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும், ஆனால் தனிப் பத்தியில். பயனைக் கழித்து ஆபத்தைக் குறைத்துக் காட்டினால் செடி பரவுவது நிற்காது. ஆபத்து இவ்வளவு, பயன் இவ்வளவு, எடுத்தால் யார் பிழைப்புப் போகும் என்று மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்துவிட்டு ஊர் கூடி முடிவெடுப்பதுதான் நேர்மை.

இன்னொன்று, காலம். ஒரு செடி ஐம்பது வருடம் சாதுவாக நின்றுவிட்டு அப்புறம் கிளம்பும். ஜெர்மனியின் பிராண்டன்பர்க் பகுதியில் நட்ட அயல் மரங்களும் புதர்களும் தாமாகப் பரவத் தொடங்குவதற்குச் சராசரியாக 147 வருடம் எடுத்துக்கொண்டன என்று ஒரு ஆய்வு கணக்கிட்டது. நம் பக்கத்தில் அவ்வளவு நாள் ஆவதில்லை. வயநாட்டில் நிழலுக்கும் அழகுக்கும் நட்ட மஞ்சள் கொத்துப் பூ மரம், சென்னா ஸ்பெக்டாபிலிஸ், சில பத்தாண்டுகளுக்குள் முதுமலைக் காடு வரை எப்படிப் படர்ந்தது என்று பார்த்தோமே. வெட்டினால் தழைக்கும் இந்த மரத்தைப் பட்டை உரித்தும் வேரோடு பிடுங்கியும் எடுத்து, காகிதக் கூழுக்காக டி.என்.பி.எல். ஆலைக்கு அனுப்புகிறார்கள். 2022இல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டதற்கு இந்த மரம் கொடுத்த பயமும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இருபது வருடமாகத் தோட்டத்தில் ஒன்றும் செய்யவில்லையே என்று யாராவது சொன்னால் அது நற்சான்று ஆகாது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பி வருவோம். வெங்காயத்தாமரை: பழைய கதை உலகறிந்தது, வேகம் பயங்கரம், மூடினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் சாகும், இருப்பதோ ஒரு மூலை. முதல் வேலை இதுதான், பத்துப் பேர் போதும். அள்ளியதைக் கரையிலேயே குவிக்காமல் தண்ணீர் ஏறாத மேட்டில் காய வைக்க வேண்டும். இரண்டாவது, யாரும் கவனிக்காத அந்த மஞ்சள் பூப் படர்செடி. பார்க்கச் சாமந்தி மாதிரி சின்னப் பூ, மூன்று மடல் இலை, கணுவுக்குக் கணு வேர் விடுகிறது என்றால் அது அனேகமாகச் சிங்கப்பூர் டெய்சி, மேலே சொன்ன 100இல் ஒன்று. வாய்க்காலில் இறங்கிவிட்டால் ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. இன்றைக்கு ஐந்து பேர், ஒரு மணி நேரம். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன் கையுறை போட்டுப் பிடுங்க வேண்டும். பஸ் ஸ்டாப்பில் மனிதர்கள் நிற்கிறார்கள், அதனால் அங்கே முன்னுரிமை, பக்கத்துத் தரிசில் இருப்பதை இப்போதைக்கு விடலாம். மீதி ஆட்கள், மீதிப் பணம் எல்லாம் கண்மாய்க்கு. கண்மாய் முழுக்க வேண்டாம். வரத்துக் கால்வாய், மடை, கலிங்கு இந்த மூன்றையும் வேர்க்கட்டையோடு எடுத்தால் அடுத்த மழைக்குத் தண்ணீர் வந்து சேரும், உள்ளே இருப்பதைக் கரி போடுபவர்களோடு பேசி வருடத்துக்கு ஒரு பகுதியாக எடுக்கலாம். எடுத்த இடத்தில் நாட்டு மரமோ புல்லோ வைக்காமல் விட்டால் அதே இடத்தில் அதே செடிதான் வரும்.

வெங்காயத்தாமரையின் விதை சேற்றுக்குள் பதினைந்து வருடத்துக்கு மேல்கூட உயிரோடு கிடக்கும். அதனால் ஊரணிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவர்களில் இரண்டு பேரிடம் சொல்லிவையுங்கள், மாதம் ஒரு தடவை அந்த வடக்கு மூலையைப் பார்க்கச் சொல்லி, ஒரு செடி தெரிந்தாலும் அன்றைக்கே எடுக்கச் சொல்லி. நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். போன ஐப்பசியில் மூன்று செடி கிடைத்தது.